லாரி டயருக்கு எத்தனை பவுண்டு காத்து?



இந்த மாதச் சுவர் இதழில் அறிவியல் பக்கம் எழுதும் முறை எனக்கு வந்தது. "அழுத்தம் பாடத்தைப் பற்றி எழுது, ஆனா புத்தகத்தைப் பார்த்துக் காப்பி அடிக்காதே" என்று டீச்சர் சொல்லிவிட்டார். புத்தகத்தில் ஆணி, முதுகுப்பை, ஒட்டகத்தின் கால் எல்லாம் இருக்கிறது. எனக்கு ஒட்டகத்தைத் தெரியாது. லாரி டயரைத் தெரியும். எங்க மாமா சூளகிரிப் பக்கம் நெடுஞ்சாலை ஓரத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். அப்பா டாரஸ் லாரியில் கிரானைட் கல் ஏற்றிப் போகிறார். பள்ளி விட்டதும் நான் மாமா கடையில் உட்கார்ந்து கணக்கு நோட்டு எழுதுவேன். அதனால் டயரைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். நம்ம பக்கம் கர்நாடகா எல்லை என்பதால் கடைக்குக் கன்னட டிரைவர்கள் நிறைய வருவார்கள். வந்ததும் "காளி ஹாக்கி" என்பார்கள். சின்ன வயசில் காளியம்மன் கோயிலுக்கு வழி கேட்கிறார்கள் என்று நினைத்துக் கையை நீட்டிக் காட்டியிருக்கிறேன். கன்னடத்தில் அதற்குக் 'காத்து அடிங்க' என்று அர்த்தமாம். தெலுங்கிலும் கிட்டத்தட்ட அதே வார்த்தைதான்.

சரி, பாடத்துக்கு வருவோம். லாரியைத் தாங்குவது எது? ரப்பர் என்றுதான் நானும் நினைத்தேன். ரப்பர் ஒரு பைதான், தாங்குவது உள்ளே அடைத்த காத்து. காத்து இல்லாத டயர் வெறும் லாரிக்கே நசுங்கிப் போகும். கடையில் காத்தைப் பவுண்டு கணக்கில் சொல்லுவார்கள். ஒரு சதுர அங்குல இடத்தில் எத்தனை பவுண்டு தள்ளுகிறது என்பதுதான் அது. பி.எஸ்.ஐ. என்று மீட்டரில் போட்டிருக்கும். 120 பவுண்டு என்றால் ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் 8.4 கிலோ தள்ளுகிறது. நம்ம சுண்டுவிரல் நகம் அளவு இடத்தில் எட்டு கிலோவுக்கு மேல், நினைத்துப் பாருங்கள்.

இப்போ புத்தகத்தில் உள்ள சூத்திரத்தைப் போடலாம். அழுத்தம் = விசை ÷ பரப்பு. பின் அச்சில் நாலு டயர். அந்த அச்சில் 10.2 டன் இறங்கினால் ஒரு டயருக்கு 2550 கிலோ. அதை 8.4 ஆல் வகுத்தால் சுமார் 300 சதுர சென்டிமீட்டர். என் கணக்கு நோட்டை ஸ்கேல் வைத்து அளந்தேன். நீளம் 20, அகலம் 16, மொத்தம் 320. அதாவது ரெண்டரை டன் எடை, ஒரு நோட்டுப் பக்கத்தைவிடக் கொஞ்சம் சின்ன இடத்தில் ரோட்டைத் தொட்டு நிற்கிறது. காத்து 80 பவுண்டுக்கு இறங்கிவிட்டால்? அதே எடைக்கு 450 சதுர சென்டிமீட்டருக்கு மேல் தேவைப்படும். அந்தக் கூடுதல் இடத்துக்காக டயர் பக்கவாட்டில் பிதுங்கும். (டயர்ச் சுவரும் கொஞ்சம் எடை தாங்கும் என்பதால் இது தோராயக் கணக்கு என்று டீச்சர் திருத்தினார்.)

பிதுங்கினால் என்ன போச்சு? நின்ற வண்டிக்கு அதிகம் ஒன்றும் இல்லை. ஓடும்போதுதான் வம்பு. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் சுவர் ஒரு தடவை மடங்கி நிமிரும். ஒரு கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் மடிப்பில் சுடும், நீங்களும் செய்து பார்த்திருப்பீர்கள். ரப்பரும் அப்படித்தான். கிருஷ்ணகிரியிலிருந்து சென்னைத் துறைமுகம் போவதற்குள் அது பல்லாயிரக்கணக்கான தடவை மடங்குகிறது. ரப்பர் சூட்டைச் சீக்கிரம் வெளியே விடாது. உள்ளே நைலான் அல்லது இரும்பு நூல் அடுக்கு இருக்கும். சூட்டில் ரப்பர் அந்த நூலை விட்டுப் பிரிந்துவிடும். அப்புறம் ரோட்டில் பாம்புத் தோல் மாதிரி கிடக்கிற துண்டுகளை நாம் பார்க்கிறோம். 'வெயிலில் டயர் வெடிச்சிருச்சு' என்று ஜனங்கள் வெயிலைத் திட்டுவார்கள். வெயில் கொஞ்சம்தான் காரணம். காத்துக் குறைவும் அதிக எடையும்தான் பெரிய காரணம் என்பார் மாமா.

அப்போ எத்தனை பவுண்டு அடிக்க வேண்டும்? கடைக்கு வருகிற டிரைவர்கள் "எப்பவும் போல அடிங்க" என்பார்கள். மாமா அடிக்க மாட்டார். டார்ச் எடுத்து டயர்ச் சுவரைப் படிப்பார். எல்லாம் அங்கேயே எழுதியிருக்கிறது. பழைய லாரிகளில் அதிகம் இருப்பது பத்து-இருபது டயர். அதாவது 10 அங்குல அகலம், 20 அங்குல ரிங்கு. அதில் 16 ப்ளை ரேடியல் டயரில் 146/143 என்று ஒரு எண் இருக்கும். அது எடைக் குறியீடு. 146 என்றால் தனி டயராகப் போட்டால் 3000 கிலோ. 143 என்றால் ஜோடியாகப் போட்டால் ஒவ்வொன்றுக்கும் 2725 கிலோ. அந்த எடையைத் தாங்க 120 பவுண்டு காத்து வேண்டும்.

ஒரே டயர், ஜோடி சேர்ந்தால் ஏன் குறைவாகத் தாங்குகிறது என்று எனக்குக் குழப்பம். ரெண்டு பேர் சேர்ந்து தண்ணீர்க் குடம் தூக்கினால் சுலபம்தானே? மாமா கேட்டார், "ஏம்மா, நீயும் உன் தம்பியும் தூக்கினா அவன் சரிபாதி தூக்குறானா?" இல்லைதான். ரோடு நடுவில் மேடாக, ஓரத்தில் சரிவாக இருக்கும். ஒரு டயர் புதுசு, ஒன்று தேய்ந்தது. அதனால் ஒன்றின் மேல் எப்பவும் கூடுதலாக ஏறும். அதற்காகத்தான் முன்கூட்டியே குறைத்து எழுதியிருக்கிறார்கள். ஜோடியில் ஒன்று 120, இன்னொன்று 90 என்று காத்து இருந்தால் கேட்கவே வேண்டாம். 120 தான் சுமையில் பெரும்பாகத்தை இழுக்கும். ஒன்று பஞ்சரானால் மற்றதின் மேல் ஐந்து டன் உட்காரும். உள் டயர் பஞ்சரானால் வெளியே தெரியாது. டிரைவர் பாட்டுப் போட்டுக்கொண்டு போய்க்கொண்டிருப்பார்.

இங்கே ஒரு முக்கியமான கணக்கு வருகிறது. மத்திய அரசு 2018 ஜூலையில் அச்சு எடை வரம்பை உயர்த்தியது. முன் அச்சு 6 டன்னிலிருந்து 7 டன். நாலு டயர் உள்ள தனி அச்சு 10.2 டன்னிலிருந்து 11.5 டன். எட்டு டயர் உள்ள இரட்டை அச்சு 19 டன்னிலிருந்து 21 டன். நான் நோட்டில் வகுத்துப் பார்த்தேன். 11.5 டன்னை நாலால் வகுத்தால் ஒரு டயருக்கு 2875 கிலோ. ஆனால் 16 ப்ளை டயரில் எழுதியிருப்பது 2725. 150 கிலோ இடிக்கிறது! முன் அச்சில் 7 டன்னை ரெண்டால் வகுத்தால் 3500, எழுதியிருப்பதோ 3000. இரட்டை அச்சு மட்டும் தேறியது, 21 டன்னை எட்டால் வகுத்தால் 2625.

இதை மாமாவிடம் காட்டியபோது பக்கத்தில் இருந்த ஒரு டிரைவர் அண்ணன், "அதுக்கென்ன பாப்பா, 120க்குப் பதிலா 140 அடிச்சா சரியாப் போச்சு" என்றார். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தப்புச் செய்கிறார்கள். 18 ப்ளை டயர் என்று தனியாக இருக்கிறது. அதன் எண் 149/146. ஜோடியில் 3000 கிலோ தாங்கும், அதற்கு 135 பவுண்டு. அதன் நூல் அடுக்கு அந்தக் காத்துக்காகவே பலமாகச் செய்தது. 16 ப்ளை டயரில் 140 அடித்தால் அது 18 ப்ளை ஆகிவிடாது. ஒன்றாம் வகுப்புப் பையன் மேல் பத்தாம் வகுப்புச் சட்டை போட்ட மாதிரிதான். டயர் மட்டும் இல்லை, ரிங்கும் அந்தக் காத்தைத் தாங்க வேண்டும். மெதுவாகப் போனால் கொஞ்சம் கூடுதல் எடைக்கு டயர்க் கம்பெனி அட்டவணையில் இடம் உண்டு. ஆனால் நெடுஞ்சாலையில் மெதுவாகப் போவது யார்? அதனால் எடைக்கு முதலில் டயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகு அந்த டயருக்குக் காத்து.

எடையை எப்படித் தெரிந்துகொள்வது? பில்லில் உள்ளதை நம்பக் கூடாது. அப்பா ஏற்றுவது பர்கூர், ஜெகதேவிப் பக்கத்துக் கல். கிரானைட் ஒரு கன மீட்டர் சுமார் 2.7 டன். நம்ம வகுப்பு டீச்சர் மேசையை அளந்தேன். 1.2 மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், முக்கால் மீட்டர் உயரம். அந்த அளவுக்கு ஒரு கல் இருந்தால் 1.8 டன்! மேசை அளவுக் கல்லே அப்படி என்றால் லாரி நிறைய ஒற்றைக் கல் எப்படி இருக்கும்? கல்லை எங்கே வைக்கிறார்கள் என்பதும் முக்கியம். மொத்த எடை சரியாக இருந்தாலும் கல் ஒரு முழம் முன்னால் போனால் முன் டயர் திணறும், பின்னால் போனால் பின் டயர் திணறும். ட்ரெய்லரில் இன்னும் மோசம். ட்ரெய்லரின் முன்பாதி எடை இழுக்கிற வண்டியின் பின் அச்சில்தான் உட்காரும். அதனால் எடை மேடையில் முழு வண்டியையும் போட்டு எடுத்த பிறகு, ஒவ்வொரு அச்சாகவும் ஏற்றிப் பார்க்கச் சொல்லுவார் அப்பா. 2019ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக எடைக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. டயர் போனால் அதுவும் சேரும்.

பாரம் என்றதும் உங்களில் பலருக்கு அந்தப் பெரிய சாமி சிலை ஞாபகம் வந்திருக்கும். வந்தவாசிப் பக்கம் கொரக்கோட்டையிலிருந்து பெங்களூரு ஈஜிபுரத்துக்கு விஷ்ணு சிலைக்கான ஒற்றைக் கல்லை 2018 டிசம்பரில் கிளப்பினார்கள். 240 டயர் வண்டி. நம்ம கிருஷ்ணகிரி, சூளகிரி, ஓசூர் வழியாகத்தான் போனது. பாலங்கள் தாங்காது என்று ஆற்றுக்குள் மண் ரோடு போட்டார்கள். பேரண்டப்பள்ளியில் தென்பெண்ணை ஆற்றிலும் போட்டார்கள். 2019 கோடையில்தான் போய்ச் சேர்ந்தது. நான் அப்போ ரெண்டாம் வகுப்பு. அம்மா இடுப்பில் தூக்கிக் காட்டினார். ஜனங்கள் ரோட்டிலேயே தேங்காய் உடைத்துக் கற்பூரம் ஏற்றினார்கள். எல்லாரும் சாமி முகத்தைப் பார்த்தார்கள், மாமா மட்டும் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பயணத்தில் பல தடவை டயர்கள் வெடித்ததாகப் பத்திரிகைகளில் வந்தது. கல் சுமார் 350 டன் என்று எழுதினார்கள். 350 டன்னை 240 ஆல் வகுத்தேன். 1458 கிலோதான்! வண்டியின் சொந்த எடையைச் சேர்த்தாலும் அப்பா லாரி டயர் தாங்குவதைவிட அதிகம் வராது போலிருக்கிறதே, பின்னே ஏன் வெடித்தது? ரெண்டு நாள் யோசித்தேன். ஒன்று, அப்படிப்பட்ட வண்டியில் போடுவது சின்ன டயர். இன்னொன்று, 240ஆல் வகுத்தது என் நோட்டில்தான். ரோடு அப்படி வகுக்காது. மண் ரோட்டில் ஒரு பக்கம் புதைந்தால், சரிவில் திரும்பினால், சில டயர்கள் மேலே தொங்கும், பக்கத்து டயர் அதன் பங்கையும் சேர்த்துச் சுமக்கும். அதைச் சரிக்கட்ட அந்த வண்டியில் ஹைட்ராலிக் எண்ணெய்க் குழாய் வைத்து அச்சுகளை மேலும் கீழும் நகர்த்துவார்கள். நம்ம புத்தகத்தில் உள்ள பாஸ்கல் விதிதான் அது. சராசரியை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது என்று கணக்கு சார் சொல்வது இதுக்கும் பொருந்துகிறது.

அடுத்தது சூடு. ஓடி வந்த லாரியில் காத்துப் பார்த்தால் அதிகமாகக் காட்டும். உடனே "காத்து ஜாஸ்தியா இருக்கு, பிடுங்கு" என்பார்கள். பிடுங்கவே கூடாது. காலையில் 27 டிகிரியில் 120 பவுண்டு அடித்தோம் என்று வைத்துக்கொள்வோம். ஓடி ஓடி உள்ளே 60 டிகிரி ஆகிறது. மீட்டர் காட்டுவது வெளிக் காத்துக்கு மேல் எவ்வளவு என்பதை. அதனால் முதலில் 14.7 சேர்க்க வேண்டும், 134.7. செல்சியஸோடு 273 சேர்த்தால் 300 கெல்வின், 333 கெல்வின். 134.7 ஐ 333 ஆல் பெருக்கி 300 ஆல் வகுத்தால் 149.5. மறுபடி 14.7 கழித்தால் சுமார் 135 பவுண்டு. டயரில் யாரும் காத்து அடிக்கவில்லை, சூடு மட்டும் 15 பவுண்டு ஏற்றியது. இந்த ஏற்றம் நியாயமானது, டயர் செய்தவர்களுக்குத் தெரிந்தது. அதைப் பிடுங்கி 120 ஆக்கினால், ராத்திரி ஆறினதும் 107 தான் இருக்கும். மறுநாள் குறைந்த காத்தோடு கிளம்பி இன்னும் சூடாகும். அதனால் காலையில் கிளம்புவதற்கு முன்னாலோ, நிறுத்தி மூணு மணி நேரம் கழித்தோ பார்க்க வேண்டும்.

சில டிரைவர்கள் மீட்டரே வைத்திருக்க மாட்டார்கள். ராடால் டயரைத் தட்டிச் சத்தம் கேட்பார்கள். அதைச் சோதித்துப் பார்த்தேன். அப்பா லாரியில் எட்டுப் பின் டயரையும் தட்டித் தட்டி, எது குறைவு என்று சாக்பீஸால் எழுதினேன். பிறகு மாமா மீட்டர் வைத்தார். மூணு தப்பு. 95 இருந்த டயரை நான் 'சரி' என்று எழுதியிருந்தேன். அப்பாவும் ஒன்றில் தப்பாகச் சொன்னார், அதை யாரிடமும் சொல்லாதே என்றார். முழுக்க இறங்கின டயரைத்தான் தட்டிக் கண்டுபிடிக்கலாம்.

95 என்பது சாதாரணக் குறை இல்லை. 120இல் ஐந்தில் நாலு பங்கு 96. அதற்குக் கீழே காத்து இறங்கி ஓடின டயரை, காத்தே இல்லாமல் ஓடின டயர் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படியே காத்து ஏற்றக் கூடாது. கழற்றி உள்ளே பார்க்க வேண்டும். ரேடியல் டயரில் சுவருக்குள் இருக்கும் இரும்பு நூல் மடங்கி மடங்கி அறுந்திருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. காத்து ஏறும்போது ஜிப் கழன்ற மாதிரி சுவர் நீளமாகக் கிழிந்து வெடிக்கும்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. ரெண்டு வருஷம் முன்னால் ராத்திரி ஒரு லாரி வந்தது. பின் டயர் பஞ்சரோடு ரொம்ப தூரம் ஓடியிருந்தது. டிரைவர் அவசரம் என்றார். ட்யூப் மாற்றி, ஃப்ளாப் போட்டு, லாக் ரிங்கைப் பூட்டி மாமா காத்து ஏற்றினார். ரிங்கு துருப் பிடித்தது, சரியாக உட்காரவில்லை. அவசரத்தில் சுற்றித் தட்டிப் பார்க்கவில்லை. பாதிக் காத்து ஏறும்போதே ரிங்கு பறந்துவிட்டது. நான் உள்ளே படித்துக்கொண்டிருந்தேன். வெடி போட்ட மாதிரி சத்தம், அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. ரிங்கு கூரைத் தகரத்தைக் கிழித்துக்கொண்டு போய் அந்தப் பக்கம் விழுந்திருந்தது. மாமா நேராகக் குனிந்திருந்தால் இன்றைக்கு இல்லை. கொஞ்சம் விலகி நின்றதால் இடது கையோடு போனது. இப்பவும் அந்தக் கையில் ரெண்டு விரல் மடங்காது. அதனால்தான் கணக்கு நோட்டு நான் எழுதுகிறேன்.

ஏன் அவ்வளவு வேகம் என்று பிறகு கணக்குப் போட்டேன். ரிங்கின் ஒரு சதுர அங்குலத்தில் 60 பவுண்டு என்றாலும், டயரின் ஓரம் முழுக்க எத்தனை சதுர அங்குலம் இருக்கும்! எல்லாம் சேர்ந்து பல டன் தள்ளுகிறது. நெம்புகோல் போட்டு நிதானமாகக் கழற்றுகிற இரும்பை ஒரே நொடியில் எறிந்துவிடும். அமெரிக்காவில் 1980லேயே இந்த மாதிரி ரிங்குக்குக் கூண்டுக்குள் வைத்துத்தான் காத்து ஏற்ற வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். நம்ம ரோட்டோரக் கடைகளில் கூண்டு பார்ப்பது அபூர்வம். மாமா இப்போ டயரைச் சங்கிலியால் சுற்றிக் கட்டி, நீளமான ஓஸ் பைப் வாங்கி, தூரமாகப் பக்கவாட்டில் நின்று ஏற்றுகிறார். அவசரம் என்பவர்களிடம் அடுத்த கடையைக் காட்டுகிறார். வருமானம் கொஞ்சம் குறைந்துதான் போச்சு. பழைய இரும்புக் கடையில் கூண்டுக்குக் கம்பி விலை கேட்டு வைத்திருக்கிறோம்.

உங்களில் நிறையப் பேர் வீட்டில் அப்பாவோ அண்ணனோ லாரி ஓட்டுகிறார்கள், இல்லையென்றால் சிப்காட் கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறார்கள். ஓசூரில் 1980ல் அசோக் லேலண்ட் தொழிற்சாலை வந்ததிலிருந்து நம்ம பக்கம் வீட்டுக்கு வீடு வண்டிப் பேச்சுதான். வீட்டில் மீட்டர் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் மாமா கடையில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம், காலையில் வண்டி கிளம்புவதற்கு முன்னால் வந்தால். பார்த்த பிறகு வால்வு மூடியைப் போட மறக்காதீர்கள். தூசி போனால் அந்த வழியாகவே காத்துக் கசியும்.

இடம் இன்னும் கொஞ்சம் இருப்பதால் ஒரு கணக்கு. ஒரு லாரியின் இரட்டைப் பின் அச்சில் எட்டு டயர். எடை மேடையில் அந்த ரெண்டு அச்சும் சேர்ந்து 20 டன் காட்டுகிறது. எல்லாம் 16 ப்ளை பத்து-இருபது ரேடியல், 120 பவுண்டு. வழியில் வலது பக்கம் ஓர் உள் டயர் பஞ்சர். ஜோடியில் மீதி உள்ள டயரின் மேல் எத்தனை கிலோ? அது எழுதியுள்ள அளவைவிட எத்தனை கிலோ அதிகம்? விடையை என்னிடமோ கணக்கு சாரிடமோ தரலாம். சரியாகச் சொன்னவர்கள் பெயர் அடுத்த இதழில்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி